ஃப்ளைட்ல எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்: ரெண்டுக்கும் கணக்கு வேற வேற

சித்தியோட டிக்கெட்ல, ஃப்ராங்க்ஃபர்ட்ல காலையில 10 மணிக்கு கெளம்புற ஃப்ளைட் மத்தியானம் 12.30க்கு சான் ஃபிரான்சிஸ்கோல எறங்கும்னு போட்டிருந்துச்சு, அதுவும் அதே தேதியில. அதைப் பாத்துட்டு "அவ்வளவு பக்கத்துலயா இருக்கு, ரெண்டரை மணி நேரத்துல போயிடுவோமா"ன்னு கேட்டாங்க. இல்ல சித்தி, பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு சொன்னேன், நம்பல. ஏறி உட்கார்ந்து ஒரு நாலு மணி நேரம் போனப்புறம் ஜன்னல் மூடியைத் தூக்கிப் பாத்தாங்க, கீழ கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெறும் பனி, அங்கங்க கறுப்பா பாறை மொனை மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. கிரீன்லாந்து. முன்னாடி இருக்கிற ஸ்க்ரீன்ல மேப்பைப் போட்டா நாம போற கோடு வில்லு மாதிரி மேல வளைஞ்சு கெடக்கு. "அமெரிக்கா மேற்கால இருக்குன்னுதானே சொன்ன, எதுக்கு இப்படி வடக்க சுத்திக்கிட்டுப் போறாங்க, பெட்ரோல் வீணாகாதா"ன்னு அடுத்த கேள்வி.

ரெண்டுமே ரொம்ப நல்ல கேள்வி. ரெண்டு ஊருக்கு நடுவுல ஃப்ளைட் தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆகும்னு நெட்ல தேடுறவங்க எல்லாருக்கும் கடைசில வர்ற குழப்பம் இந்த ரெண்டுல ஒண்ணுதான். அதனால பொறுமையா முதல்ல இருந்து சொல்றேன், கணக்கு பயம் இருக்கிறவங்களும் படிக்கலாம், பெருக்கல் வகுத்தலுக்கு மேல எதுவும் வராது.

முதல்ல தூரம். அந்த வளைஞ்ச கோடு இருக்கே, அதுதான் உண்மையில நேர் கோடு. வளைஞ்சிருக்கிறது மேப்தான். பூமி உருண்டை, அதைத் தட்டையான காகிதத்துல விரிச்சுப் போடணும்னா எங்கயாவது இழுத்தாகணும், எங்கயாவது அமுக்கியாகணும், வேற வழியே கிடையாது. நாம ஸ்கூல்ல இருந்து பாத்துப் பழகின உலக மேப் பெரும்பாலும் மெர்கேட்டர்னு ஒருத்தர் 1569ல போட்ட முறைல வந்தது. அவர் அதை கப்பல்காரங்களுக்காகப் போட்டாரு, காம்பஸ் காட்டுற ஒரே திசைல போயிட்டே இருந்தா அந்தப் பாதை மேப்ல நேர் கோடா வரணும், அதுதான் அவருக்கு வேண்டியது. அதுக்கு விலையா துருவத்துப் பக்கம் போகப் போக எல்லாமே பெருசா தெரியும். அந்த மேப்ல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா நிஜத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை மறைக்கிற ஒரு படத்துல ஸ்கேல் வெச்சு தூரம் அளந்தா எப்படி சரியா வரும்?

வீட்டுல குளோப் இருந்தா ஒரு நூலை எடுத்து ஒரு முனையை ஃப்ராங்க்ஃபர்ட்ல வெச்சு விரலால அமுக்கிக்கோங்க, இன்னொரு முனையை சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் கொண்டுபோய் நல்லா இறுக்கிப் பிடிங்க. லூசா இருக்கிற வரைக்கும் நூல் அட்லாண்டிக் நடுவுல எப்படியெப்படியோ கெடக்கும், இறுக்க இறுக்க அது தானா வழுக்கி மேல ஏறி கிரீன்லாந்து மேல போய் நின்னுக்கும். யாரும் அதை அங்க தள்ளல, ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் அதுதான்னு நூலே காட்டுது. குளோப் இல்லைன்னா ஒரு பந்து எடுத்து, நடு இடுப்புக்குக் கொஞ்சம் மேல ஒரே உயரத்துல ரெண்டு புள்ளி வெச்சு செஞ்சு பாருங்க, நூல் மேல் பக்கமா ஏறுறது கண்ணுக்குத் தெரியும். இதை ஒரு தடவை கையால செஞ்சு பாத்தவங்களுக்கு அப்புறம் யாரும் விளக்கவே வேண்டாம், நான் சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்றப்ப எல்லாம் பேசுறதுக்கு முன்னாடி நூலைத்தான் கையில குடுப்பேன்.

அந்த நூல் போற பாதைக்குப் பேரு பெருவட்டம். பூமியை சரியா மையத்து வழியா ரெண்டா வெட்டினா வெட்டுன ஓரம் ஒரு வட்டமா வரும்ல, அதான். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம், தீர்க்கரேகைங்க எல்லாம் பெருவட்டத்துல பாதி பாதி. ஆனா பூமத்திய ரேகையைத் தவிர்த்து மத்த அட்சரேகை எதுவும் பெருவட்டம் கிடையாது, ஏன்னா அந்த வட்டத்தோட நடுப்புள்ளி பூமியோட மையத்துல இல்ல. இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். மாட்ரிட்டும் நியூயார்க்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைல இருக்கு, ரெண்டுமே 40 டிகிரி வடக்கு சொச்சம். மேப்ல பாத்தா நேரா இடது பக்கம் போனா போதும்னு தோணும். அப்படி அட்சரேகையைப் பிடிச்சுக்கிட்டே போனா சுமார் 5,940 கி.மீ. வரும். பெருவட்டத்துல போனா 5,770 கி.மீ. தான், நடுவுல 46 டிகிரி வரைக்கும் வடக்க ஏறி திரும்ப எறங்கினாலும்கூட. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் டோக்கியோவுக்கும் இதே மாதிரி பாத்தா வித்தியாசம் 400 கி.மீ.க்கு மேல போயிடுது. ஒரு பெரிய விமானத்துக்கு அது அரை மணி நேர எரிபொருள்.

சரி, நாமளே தூரத்தைக் கணக்குப் போடணும்னா? சில ஊருங்களுக்கு ரொம்ப ஈஸி. பூமியோட சுற்றளவு சுமார் 40,000 கி.மீ., அதை 360 டிகிரியா பிரிச்சா ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. சொச்சம். ஸ்டாக்ஹோமும் கேப் டவுனும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகைல இருக்கு, ரெண்டுமே 18 டிகிரி கிழக்கு. ஸ்டாக்ஹோம் 59.3 டிகிரி வடக்கு, கேப் டவுன் 33.9 டிகிரி தெற்கு, கூட்டுனா 93.2, அதை 111ஆல பெருக்குங்க, 10,350 கி.மீ. பக்கம் வரும். அவ்வளவுதான், முடிஞ்சுது. அதே மாதிரி நைரோபியும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கு, தீர்க்கரேகை வித்தியாசம் 67 டிகிரி, அதுக்கும் 111 போட்டா சுமார் 7,450 கி.மீ. ஆனா பூமத்திய ரேகையை விட்டு விலகிட்டா தீர்க்கரேகை வித்தியாசத்தை அப்படியே 111ஆல பெருக்கக் கூடாது, ஏன்னா ஆரஞ்சுச் சுளை மாதிரி அந்தக் கோடுங்க மேல போகப் போக நெருங்கிடும், 60 டிகிரிலயே இடைவெளி பாதியாயிடும், துருவத்துல ஒண்ணுமே இல்லாம ஆயிடும். அந்த மாதிரி குறுக்கும் மறுக்குமா இருக்கிற ஊருங்களுக்கு ஹேவர்சைன்னு ஒரு ஃபார்முலா இருக்கு, ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகையைக் குடுத்தா தூரம் வந்துடும். தூரம் காட்டுற கால்குலேட்டருங்க பல இடத்துல பின்னாடி ஓடுறது இதுதான்.

விமானிங்க கி.மீ.ல பேச மாட்டாங்க, நாட்டிகல் மைல்ல பேசுவாங்க. அது ஏதோ பழைய பழக்கம்னு நினைக்க வேண்டாம், அந்த அளவே பூமியோட உருண்டைல இருந்து வந்தது. ஒரு டிகிரியை 60ஆ பிரிச்சா ஒரு பங்குக்குப் பேரு நிமிஷம், இது கடிகார நிமிஷம் இல்ல, கோண அளவு, பூமி மேல அந்த ஒரு நிமிஷ வளைவுக்கு வர்ற தூரம்தான் ஒரு நாட்டிகல் மைல், இப்ப 1,852 மீட்டர்னு நிர்ணயம் பண்ணி வெச்சிருக்காங்க. மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் போனா அது ஒரு நாட். ஸ்க்ரீன்ல நாட்னு பாத்தா 1.85ஆல பெருக்கிக்கோங்க.

ரெண்டு இடத்துல பாத்தா ஏன் ரெண்டு விதமா தூரம் காட்டுதுன்னு நிறைய பேர் குழம்புவாங்க. பூமி சரியான பந்து கிடையாது, இடுப்புப் பக்கம் கொஞ்சம் உப்பி இருக்கு, நடுவுல ஆரம் 6,378 கி.மீ., துருவத்துப் பக்கம் 6,357 கி.மீ. பந்துன்னு வெச்சு கணக்குப் போட்டா ஒரு பதில், உப்பினதையும் சேத்துப் போட்டா இன்னொரு பதில், ஒருத்தர் ஊர் மையத்துல இருந்து அளப்பாங்க, இன்னொருத்தர் ஏர்போர்ட் ரன்வேல இருந்து அளப்பாங்க. அதுக்காக எல்லாம் மண்டையை உடைச்சுக்க வேண்டாம், நீண்ட தூரம்னா ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது.

ஒரு எல்லையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பூமில எந்த ரெண்டு ஊருக்கு நடுவுலயும் 20,000 கி.மீ.க்கு மேல தூரம் இருக்கவே முடியாது, அதுக்கு மேல போனா மறுபக்கமா திரும்பி வர ஆரம்பிச்சுடுவீங்க. இப்ப பயணிங்களை ஏத்திக்கிட்டு எங்கயும் நிக்காம போறதுல ரொம்ப நீளமானது சிங்கப்பூர் நியூயார்க் ஃப்ளைட், பெருவட்டத் தூரம் சுமார் 15,300 கி.மீ., 18 மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தப் பக்கம் ஸ்காட்லாந்துல ஆர்க்னி தீவுங்கள்ல வெஸ்ட்ரேல இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு ஃப்ளைட் இருக்கு, 2.7 கி.மீ., டைம்டேபிள்ல ரெண்டு நிமிஷம்னு போட்டிருப்பாங்க, காத்து சாதகமா இருந்தப்ப 53 செகண்ட்ல போயிருக்கு.

இது எல்லாம் கணக்குத் தூரம். விமானம் நிஜமா பறக்கிற தூரம் எப்பவும் இதைவிடக் கூடத்தான் இருக்கும். ரன்வே எந்தத் திசைல இருக்கோ அந்தப் பக்கமாத்தான் எழும்பணும், அப்புறம் திரும்பணும், வானத்துல போட்டு வெச்சிருக்கிற பாதைங்களைப் பிடிச்சுப் போகணும், இடி மழை இருந்தா ஒதுங்கணும், எறங்குற இடத்துல கூட்டமா இருந்தா வட்டமடிச்சுக் காத்திருக்கணும். ரெண்டு இன்ஜின் விமானம்னா ஒரு இன்ஜின் நின்னாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள எறங்குற மாதிரி ஏதாவது ஒரு ஏர்போர்ட் எட்டுற தூரத்துல இருந்தாகணும், கடலுக்கு மேல நீளமா போற பாதைங்களை இந்த விதியும் வளைக்கும்.

எல்லாத்துக்கும் மேல, எந்த நாட்டு வானத்துல பறக்க அனுமதி இருக்குங்கிறது. ஹெல்சிங்கியும் டோக்கியோவும் இதுக்குச் சரியான உதாரணம். 2022 பிப்ரவரி வரைக்கும் ஃபின்லாந்து விமானங்க ரஷ்யா மேல நேரா பறந்து ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்துல டோக்கியோ போயிடும், ஐரோப்பால இருந்து ஆசியாவுக்கு ரொம்பக் கிட்டன்னு சொல்லித்தான் அந்த ஏர்போர்ட்டே பேர் வாங்குச்சு. ரஷ்ய வானம் மூடினதுக்கு அப்புறம் அதே ஊருக்கு வட துருவத்து மேல ஏறிச் சுத்தியோ தெற்கால சுத்தியோ போக வேண்டியதாச்சு, 13 மணி நேரம் ஆகுது. ஹெல்சிங்கியும் நகரல, டோக்கியோவும் நகரல, தூரம் பாக்குற கால்குலேட்டர்ல இன்னைக்கும் அதே நம்பர்தான் வரும். அதனால கால்குலேட்டர் காட்டுற தூரத்தைப் பாத்து நேரத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி நடுவுல எந்த நாடு வருதுன்னு ஒரு பார்வை பாத்துடணும்.

இனி நேரம். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு.

பெரிய விமானங்க மேல ஏறி நிதானமானதும் ஒலியோட வேகத்துல 85 சதவீதம் வரைக்கும் போகும், அந்த உயரத்துக் குளிர்ல அது மணிக்கு சுமார் 900 கி.மீ. சின்ன சைஸ் ஜெட்டுங்க 830, 840 பக்கம். றெக்கைல வெளிய தெரியுற மாதிரி ப்ரொப்பெல்லர் சுத்துற ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்னா 500 சொச்சம். தூரத்தை இந்த வேகத்தால வகுத்தா நேரம் வந்துடணும்தானே? வராது. ஏன்னா அந்த 900 எதோட ஒப்பிட்டுங்கிறது முக்கியம், அது தரையோட ஒப்பிட்ட வேகம் இல்ல, சுத்தி இருக்கிற காத்தோட ஒப்பிட்ட வேகம். விமானம் காத்துக்குள்ள நீந்துது, அந்தக் காத்தே ஓடிக்கிட்டு இருக்கு. ஆத்துல படகு ஓட்டுறதை நினைச்சுக்கோங்க, நீங்க துடுப்பு போடுற வேகம் ஒண்ணுதான், ஆனா தண்ணி போற பக்கமா போனா கரைல இருக்கிற மரம் எல்லாம் சடசடன்னு பின்னாடி போகும், எதிர்ல வந்தா ஒவ்வொரு மரமும் நகர மாட்டேங்குதேன்னு இருக்கும்.

வானத்துல அந்த மாதிரி நிஜமாவே ஆறுங்க இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. தரைல இருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்துல, அதாவது ஃப்ளைட்டுங்க பறக்கிற அதே உயரத்துல, மேற்குல இருந்து கிழக்கு நோக்கி ஓடும், பலமா இருக்கிறப்ப மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். துருவத்துக் குளிருக்கும் வெப்பமண்டலச் சூட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் காத்தை நகத்துது, பூமி சுத்துறது அந்தக் காத்தைக் கிழக்கால திருப்பி விடுது. குளிர்காலத்துல அந்த வித்தியாசம் ஜாஸ்தி, அதனால அப்ப காத்தும் ஜாஸ்தி. 1920கள்ல ஜப்பான்ல வசபுரோ ஓயிஷின்னு ஒரு வானிலை விஞ்ஞானி பலூன் பறக்கவிட்டு இந்தக் காத்தை அளந்தாரு. உலகம் முழுக்கப் படிக்கணும்னு ஆசைப்பட்டு தன்னோட அறிக்கையை எஸ்பெராண்டோங்கிற பொது மொழில எழுதினாரு, ஆனா வெளில யாரும் கவனிக்கல. 1944ல ஜப்பான் மேல உயரமா பறந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானங்க இந்தக் காத்துல மாட்டித் திணறினப்பதான் அமெரிக்கக்காரங்களுக்கு இது உறைச்சுது. அந்த மனுஷன் இருபது வருஷத்துக்கு முன்னாடியே அளந்து எழுதி வெச்சது அப்படியே கெடந்துச்சேன்னு நினைச்சா மனசு கனக்குது.

லண்டன் நியூயார்க் தூரம் சுமார் 5,540 கி.மீ. லண்டன்ல இருந்து போறப்ப எட்டு மணி நேரம் பக்கம் ஆகும், திரும்பி வர்றப்ப ஏழு மணி நேரம், சில நாள் அதுக்கும் குறைவு. 2020 பிப்ரவரில கியாரான்னு ஒரு புயல் அடிச்சப்ப ஜெட் ஸ்ட்ரீம் ரொம்பப் பலமா இருந்துச்சு, அன்னைக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து சேந்துச்சு, தரை வேகம் மணிக்கு 1,327 கி.மீ. வரைக்கும் போச்சு. அப்ப ஒலியோட வேகத்தைத் தாண்டிடுச்சான்னு கேப்பீங்க, தாண்டல. தன்னைச் சுத்தி இருக்கிற காத்தோட ஒப்பிட்டா அது வழக்கமான வேகத்துலதான் போச்சு, அந்தக் காத்து மொத்தமும் சேந்து அதைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு இன்ஜின் சத்தம்கூட மாறியிருக்காது. நிஜமாவே ஒலியை முந்திப் பறந்தது கான்கார்ட், அது 1996ல அதே பாதைல 2 மணி 53 நிமிஷத்துல வந்திருக்கு.

இந்தக் காத்துக்காகவே அட்லாண்டிக் மேல பாதைங்களை ஒரே இடத்துல நிரந்தரமா வைக்கிறது இல்ல. காத்து முன்னறிவிப்பைப் பாத்து ஒரு நாளைக்கு ரெண்டு தடவை புதுசா போடுவாங்க, ஐரோப்பால இருந்து மேற்கால போறதுக்கு ஒரு செட், அமெரிக்கால இருந்து கிழக்கால வர்றதுக்கு ஒரு செட். வர்றவங்களை ஜெட் ஸ்ட்ரீம் உள்ள விடுவாங்க, போறவங்களை அதுக்கு ஒதுங்கின மாதிரி விடுவாங்க. அதனால நேத்து போன அதே ஃப்ளைட் இன்னைக்குச் சில நூறு கி.மீ. தள்ளிப் போகலாம்.

இதுக்கெல்லாம் மகுடம் மாதிரி ஒண்ணு சொல்றேன். டெல்லில இருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதல்ல மேற்கால அட்லாண்டிக் பக்கமாத்தான் பறந்துச்சு, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபர்ல திசையை மாத்தி கிழக்கால பசிஃபிக் வழியா பறந்தாங்க, தூரம் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. கூட. ஆனா நேரம் பதினாலரை மணிதான் ஆச்சு, பழைய பாதையைவிட ரெண்டு மணி நேரம் பக்கம் மிச்சம். வகுத்துப் பாருங்க, சராசரியாவே மணிக்கு 1,055 கி.மீ. வருது, மேற்கால போனா முகத்துல அடிச்சிருக்கிற காத்து இப்ப முதுகுல தள்ளுச்சு. தூரமா போனா சீக்கிரம் போகலாம்ங்கிறது தரைல நடக்கிறவங்களுக்கு அபத்தமா தோணும், வானத்துல அது சரியான கணக்கு.

போறப்ப எதிர்க்காத்து வர்றப்ப பின்காத்து, மொத்தத்துல சரியாப் போயிடும்லன்னு சில பேர் கேப்பாங்க. போகாது. 5,500 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காத்து 150ன்னு வெச்சுக்குவோம். வர்றப்ப 900ம் 150ம் சேந்து 1,050, நேரம் 5 மணி 14 நிமிஷம். போறப்ப 900ல 150 கழிஞ்சு 750, நேரம் 7 மணி 20 நிமிஷம். ரெண்டும் சேந்து 12 மணி 34 நிமிஷம். காத்தே இல்லைன்னா போக வர 12 மணி 13 நிமிஷம்தான். 21 நிமிஷம் நட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னா, எதிர்க்காத்துல நீங்க அதிக நேரம் இருக்கீங்க, பின்காத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கீங்க, அதனால கெட்டதோட பங்கு கூடிப் போகுது. சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு இது கால்லயே தெரியும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையையும் இங்கயே சொல்லிடறேன். பூமி மேற்குல இருந்து கிழக்கால சுத்துது, அதனால மேற்கால போற விமானத்துக்கு ஊர் தானா எதிர்ல வரும், நேரம் குறையும்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. பூமத்திய ரேகைல தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்துல சுத்துறது உண்மைதான், ஆனா காத்தும் அதோடயே சேந்து சுத்துது, ஏர்போர்ட்ல நிக்கிறப்பவே விமானமும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. அப்படி இல்லைன்னா நாம எம்பிக் குதிச்சாலே சுவத்துல போய் மோதியிருப்போம். நேரத்தை மாத்துறது தரை சுத்துறது இல்ல, தரையைவிட வேகமா ஓடுற அந்தக் காத்துதான், அதுவும் கதைல சொல்ற மாதிரி மேற்கால போறவங்களுக்கு இல்ல, கிழக்கால போறவங்களுக்குத்தான் உதவுது.

ஏறுறதும் எறங்குறதும் தனிக் கதை. உயரத்துக்கு ஏற 20, 25 நிமிஷம் ஆகும், எறங்குறதுக்கு ஊருக்கு 200 கி.மீ. முன்னாடியே ஆரம்பிச்சுடுவாங்க, 10,000 அடிக்குக் கீழ வந்துட்டா பல நாடுகள்ல 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது. அதனால 300 கி.மீ. ஃப்ளைட்ல விமானம் தன்னோட முழு வேகத்தைத் தொடுறதுக்குள்ளயே எறங்க வேண்டி வந்துடும், கிட்ட இருக்கிற ஊருக்கு ஏன் இவ்வளவு நேரம்னு தோணுறது இதனாலதான். இதுக்கு மேல டிக்கெட்ல போடுற நேரம் பறக்கிற நேரமே கிடையாது, பிளாக் டைம்னு சொல்லுவாங்க, கேட்டை விட்டு சக்கரம் நகர்றதுல இருந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போறது, வரிசைல நிக்கிறது, எறங்கினப்புறம் திரும்ப உருண்டு வர்றது எல்லாம் அதுல அடக்கம், தாமதம் ஆனாலும் சமாளிக்கிற மாதிரி கம்பெனிங்க கொஞ்சம் சேத்தும் போட்டு வைப்பாங்க. அரை மணி நேரம் லேட்டா கெளம்பின ஃப்ளைட் டைமுக்கே வந்து சேர்றது இந்தச் சேமிப்புலதான்.

அப்போ வீட்டுல உக்காந்து தோராயமா பாக்க, பெருவட்டத் தூரத்தை 850ஆல வகுத்து அரை மணி நேரம் சேத்துக்கோங்க. ஃப்ராங்க்ஃபர்ட் சான் ஃபிரான்சிஸ்கோ 9,150 கி.மீ., வகுத்தா 10 மணி 46 நிமிஷம், அரை மணி சேத்தா 11 மணி கால். டிக்கெட்ல பதினொன்றரை, ஏன்னா மேற்கால போறோம். லண்டன் துபாய் 5,500 கி.மீ., கணக்குல ஏழு மணி வரும், நிஜத்துலயும் அவ்வளவுதான், திரும்பி வர்றப்ப அரை மணி முக்கால் மணி கூட ஆகும். மேற்கால நீண்ட தூரம்னா கொஞ்சம் ஏத்திக்கோங்க, கிழக்காலன்னா கொஞ்சம் எறக்கிக்கோங்க. வடக்கு தெற்கா போற ஃப்ளைட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாத்தான் இருக்கும்.

கடைசியா சித்தி முதல்ல கேட்டது. டிக்கெட்ல கெளம்புற நேரம் கெளம்புற ஊர்க் கடிகாரம், சேர்ற நேரம் சேர்ற ஊர்க் கடிகாரம், ரெண்டையும் நேரா கழிக்கக் கூடாது. ஏதாவது ஒரு கடிகாரத்துக்கு மாத்திட்டுத்தான் கழிக்கணும். ஃப்ராங்க்ஃபர்ட்டைவிட சான் ஃபிரான்சிஸ்கோ 9 மணி நேரம் பின்னாடி, அதனால அங்க மத்தியானம் 12.30ன்னா ஃப்ராங்க்ஃபர்ட்ல ராத்திரி 9.30. காலை 10ல இருந்து ராத்திரி 9.30 வரைக்கும் பதினொன்றரை மணி நேரம், தீந்துச்சு. தேதிக்கோட்டைத் தாண்டினா இன்னும் விசித்திரமா இருக்கும். டோக்கியோல ராத்திரி 9 மணிக்குக் கெளம்பி ஏழு மணி நேரம் பறந்து ஹோனலுலு போனா அங்க அதே தேதி காலை 9 மணி, கெளம்பறதுக்கு 12 மணி நேரம் முன்னாடியே சேந்த மாதிரி. ஹோனலுலு 19 மணி நேரம் பின்னாடி இருக்கிறதுதான் காரணம். ஸ்டாக்ஹோம் கேப் டவுனைப் பாருங்க, 10,000 கி.மீ.க்கு மேல தூரம், ஆனா கடிகார வித்தியாசம் வருஷத்துல சில மாசம் ஒரு மணி நேரம், மீதி மாசம் ஒண்ணுமே இல்ல. கடிகார வித்தியாசத்தைப் பாத்து தூரத்தை ஊகிக்கவே கூடாது. சேர்ற நேரத்துப் பக்கத்துல குட்டியா +1ன்னு போட்டிருந்தா மறுநாள்னு அர்த்தம், அதைக் கவனிக்காம ஹோட்டல் ஒரு நாள் முன்னாடி புக் பண்றவங்க நிறைய பேர்.

திரும்பி வர்றப்ப சித்தி என்னைக் கேக்கல. சான் ஃபிரான்சிஸ்கோல மத்தியானம் 2.30, ஃப்ராங்க்ஃபர்ட்ல மறுநாள் காலை 10.15. குடுத்த டிஷ்யூ பேப்பர்ல பேனாவால 10.15ல இருந்து 9ஐக் கழிச்சாங்க, ராத்திரி 1.15, அப்புறம் விரல் விட்டு எண்ணி "பத்தே முக்கால்"னு எழுதி அடில கோடு போட்டாங்க. "போறப்ப பதினொன்றரை, வர்றப்ப பத்தே முக்கால், முக்கால் மணி நேரம் காத்து குடுத்திருக்கு, சரியா?"ன்னாங்க. கனடாவைத் தாண்டினப்புறம் ஸ்க்ரீன்ல தரை வேகம் 1,040ன்னு வந்துச்சு. அதையும் அந்த டிஷ்யூலயே ஓரமா குறிச்சு, மடிச்சு பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு ஜன்னல் மூடியைத் தூக்கினாங்க, வெளில ஒண்ணும் தெரியல, கும்மிருட்டு, றெக்கை நுனில இருக்கிற விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கிட்டு இருந்துச்சு.